கை மாறிய பெருநாள் கார்ட்

பதுளை
14.10.1972

அன்பு மதினி ஸுபைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், மகன் தாஸிமும், மருமகள் ஸவாஹிராவும், பேத்தி ஹம்ஸியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? கம்பளை மழையில் நோன்பு பிடிக்க முடிகிறதா? எனக்கு இதுவரை ஒரு நோன்பும் தவறவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இந்த வருடம் கடைத்தெருவில் விற்கிற பெருநாள் கார்டைப் பார்த்தீர்களா? வெளிநாட்டுக் கார்ட் வருவது நின்றதிலிருந்து எவனோ இங்கேயே அச்சடித்து அனுப்புகிறான். ரோசாப்பூ என்று போட்டிருப்பது அழுகின தக்காளி மாதிரி இருக்கிறது. தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டுகிறது, மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. நோன்போடு அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. தாஸிம் அதில் ஒரு டசின் வாங்கி வந்து வைத்திருக்கிறான்.

அதனால் ஹம்ஸியாவே ஒன்று செய்கிறாள். ஒரு வீட்டோடு அவளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், அந்த வீட்டுக்குத்தான். எந்த ஊர், யார் வீடு என்று கேட்காதீர்கள். பேச்சு முடியுமுன் பெயர் வெளியே போனால் மொட்டைக் கடிதம் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும், உங்களுக்குத் தெரியாததா. நம் குடும்பத்தில் பெண்ணைக் கொண்டுவந்து அந்நிய ஆட்களுக்கு முன்னால் உட்காரவைக்கிற அசிங்கம் என்றைக்கும் கிடையாது. பெண்ணின் கைவேலைதான் போகும். அதைப் பார்த்துப் பெண்ணை அறிந்துகொள்ளத் தெரியாதவர்களுக்குப் பெண் எதற்கு? உங்கள் கூடப்பிறந்த நானா என்னைக் கலியாணம் முடிக்கச் சம்மதித்தது ஒரு தலையணை உறையைப் பார்த்துத்தான்.

கார்டுக்கு அட்டை, தாஸிமின் கடையில் மிஞ்சிய சட்டைப் பெட்டி. அதை வெள்ளைத்தாளால் மூடி, கஞ்சிப் பசை தடவி, அம்மிக்கல்லுக்குக் கீழே இரண்டு நாள் வைத்தோம். முகப்பில் பள்ளிவாசல். பால் கொண்டுவரும் ரெங்கம்மா தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டும் வெள்ளித்தாளில் ஒரு துண்டு தந்தாள், அதில்தான் மினாரா இரண்டும் வெட்டியது. உள்ளே வலது பக்கத்தில் ஒரு சின்னப் பை. அந்தப் பைக்குள் குர்ஆன் ஓதி நிறுத்துகிற இடத்தில் வைக்க ஒரு பக்க அடையாளம் சொருகியிருக்கும். பச்சை சாட்டின் துணி, சுற்றிலும் காஜாத் தையல், முனையில் சரிகைக் குஞ்சம். ஆயத்து ஒன்றும் எழுத நான் விடவில்லை. கீழே விழுந்தால் யார் பொறுப்பு?

இடப்பக்க மினாரா கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பிடுங்கிவிட்டு வேறு வெட்டு என்றேன். "சாய்ஞ்சாலும் நிக்கிதுதானே வாப்பும்மா, விடுங்க" என்கிறாள். இருபத்துநாலு வயதுக் குமருக்கு வாய் இப்படி.

துஆச் செய்யுங்கள்.

உங்கள் மதினி
ஸித்தி ஸுபைதா


கம்பளை
25.10.1972

மதிப்புக்குரிய மதினிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான், தொழும்போது நாற்காலி வேண்டியிருக்கிறது. இங்கே மற்ற எல்லோரும் நலம், உங்கள் நலத்துக்கும் துஆ.

ஹம்ஸியாவுக்குப் பேச்சு நடப்பது சந்தோசம். வீட்டைக் கேட்கமாட்டேன். கேட்டாலும் நீங்கள் சொல்லமாட்டீர்கள். நாங்களும் பேரன் புவாதுக்கு ஒரு இடம் பேசுகிறோம், பெயர் சொல்வதற்கில்லை. பெண்வீட்டாருக்கும் எங்கள் உறவுக்காரர் யார், எங்கே என்று விவரம் சொல்லவேண்டாம் என்று தரகர் சொல்லியிருக்கிறார். புவாத் இதுவரை வந்த இடம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டான், இல்லை என்றுதான். கண்டி வங்கியில் வேலை கிடைத்ததும் அவனுக்கு எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரித் தெரிகிறதாம்.

சொந்தத்துக்குள் முடித்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. சொந்தத்துக்குள் வேண்டவே வேண்டாம் என்றது நீங்கள்தான், நான் மறக்கவில்லை.

பெருநாளைக்குச் சேமியா கிடைத்தால் எங்களுக்கும் ஒரு பக்கெட் எடுத்து வையுங்கள்.

அன்புடன்
ஸுபைரா


பதுளை
13.11.1972

மதினி ஸுபைராவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்தது. எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் வயிற்றைப் பிரட்டுகிறது. அது நோய் இல்லை, அந்த வீட்டுப் பாத்திரம்.

பெருநாள் அன்று முட்டை அடித்து அவித்த வட்டிலப்பமும் கார்டும் தட்டில் வைத்து, சரிகை விரிப்புப் போட்டு, எங்கள் தரகர் அஸீஸிடம் கொடுத்து அனுப்பினோம். தட்டு திரும்பி வந்தது. பெருநாள் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதற்காக உடைந்த பிஸ்கட்டை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சரி, பஞ்ச காலம், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டிலப்பம் இருந்த கிண்ணத்தைக் கழுவவே இல்லை மதினி. ஓரத்தில் காய்ந்துபோன முட்டை, அதில் எறும்பு. கிண்ணத்துக்குள் மீன் நாற்றம். வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு அதிலேயே மீன் குழம்பு ஊற்றியிருப்பார்களோ? சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தும் எனக்கு அதில் ஒன்றும் வைத்துச் சாப்பிட மனம் வரவில்லை. ரெங்கம்மாவின் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என்ன சொன்னாங்க அஸீஸ்?" என்றேன். "நல்லா இரிக்கி எண்டாங்க உம்மா" என்கிறான். நல்லா இரிக்கி! கடையில் செருப்புப் பார்க்கிறவன் கூட இதைவிட அதிகம் பேசுவான்.

ஹம்ஸியா வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். தாஸிம், "பெரிய கடைக்காரங்க உம்மா, அவங்களுக்கு நேரமில்ல" என்கிறான். அந்தச் சம்பந்தத்தை அவன் விடமாட்டான்.

சேமியா கிடைக்கவில்லை.

ஸித்தி ஸுபைதா


கம்பளை
19.01.1973

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன், கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் வயிறு சரியாகிவிட்டதா?

சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. புவாத் சம்மதித்துவிட்டான். பெண்வீட்டிலிருந்து இந்தப் பெருநாளைக்குத் தட்டு வந்தது, கூடவே பெண் தன் கையாலேயே செய்த கார்ட் ஒன்று. மதினி, எவ்வளவு அழகு. முகப்பில் வெள்ளித்தாளில் பள்ளிவாசல். திறந்தால் உள்ளே ஒரு பை, பைக்குள் பச்சை சாட்டினில் பக்க அடையாளம், சரிகைக் குஞ்சத்தோடு. வாழ்த்து எழுதியிருந்த தாள் மட்டும் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது, பசை வெளியே வந்திருந்தது. பெண்ணின் தாய் சொல்லியனுப்பியிருக்கிறாள், மகள் பத்து நாள் தூங்காமல் செய்தாளாம்.

புவாத் அதை வாங்கிப் பார்த்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூத்தும்மா, இந்த மினாராவ சரிப்படுத்தாம விட்டிருக்கா பாருங்க. இந்தப் புள்ள பொய் சொல்லாது" என்றான். எனக்கு அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை.

உங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் கைவேலை படிப்பிக்கிறார்களோ? சும்மா கேட்கிறேன்.

ஸுபைரா


பதுளை
24.01.1973

மதினிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம்.

கார்ட் அழகாக இருந்தது சந்தோசம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கைவேலை படிப்பிப்பது இல்லை. பெண்வீடு எது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

நான் செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு அஸீஸை நாங்கள் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கு அனுப்பி, நோன்புப் பெருநாளைக்கு ஹம்ஸியா கொடுத்த கார்டை ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு, தாருங்கள், மாதிரி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று கேட்கப்போகிறேன். இருந்தால் தரட்டும்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஹம்ஸியாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஸித்தி ஸுபைதா


கம்பளை
20.02.1973

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமா? இங்கே பேக்கரியில் பாணுக்கு விடியவே வரிசை நிற்கவேண்டியிருக்கிறது. என் கால் ஒத்துக்கொள்வதில்லை, மருமகள்தான் போகிறாள். கருவாடு கிடைக்கிறது, அங்கே எப்படி?

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமைக்குள் பெண்ணின் தாயிடமிருந்து ஆள் வந்தது. அந்தக் கார்டை ஒரு கிழமைக்குத் தரட்டுமாம். மகள் மாதிரி எடுக்க வேண்டுமாம். தானே செய்ததற்குத் தானே எதற்கு மாதிரி எடுக்கிறாள் என்று வந்தவனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கார்டைக் கொடுத்துவிட்டேன். பக்க அடையாளத்தைப் புவாத் கண்டிக்குக் கொண்டுபோய்விட்டான், கேட்டதற்குத் தரமாட்டேன் என்கிறான். அதனால் பை வெறுமையாகத்தான் போனது.

நான் என்ன செய்ய மதினி. குமர்ப் பெண்ணின் விசயம். எதையாவது பேசி, அது பிழையாகப் போய்விட்டால்?

கருவாடு வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

ஸுபைரா


பதுளை
04.03.1973

மதினி ஸுபைராவுக்கு,

ஸலாம். சுகத்தை விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை, நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி மறைத்து என்ன. நாங்கள் பேசிய வீடு பண்டாரவளைப் புடவைக்கடைக்காரர் வீடு. மாப்பிள்ளை நிஸாம், தாய் பலீலா. அஸீஸ் மூன்று தரம் போய்க் கேட்டான். முதலில் அலுமாரிச் சாவி நிஸாமிடம் என்றாள். பிறகு அலுமாரியே திறக்கவில்லை என்றாள். நேற்று அவளே வந்துவிட்டாள், மகள் ஜெனீராவையும் கூட்டிக்கொண்டு.

பஸ் வளைவுகளில் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்தாளோ இல்லையோ, வந்து உட்கார்ந்ததும் வெற்றிலை போட்டாள். கைப்பைக்குள்ளிருந்து கார்டை எடுத்தாள். அந்தச் சிவப்பு விரலாலேயே எடுத்து நீட்டினாள். அட்டையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை, ஒரு முழு விரல் அடையாளம். எனக்கு அதை வாங்கக் கை கூசியது. ஸவாஹிராவைக் கூப்பிட்டு வாங்கச் சொன்னேன்.

"பத்திரமா வெச்சிருந்தேன் மாமி, ஒங்கட புள்ளட கைவேல எண்டா சும்மாவா" என்றாள் பலீலா.

ஹம்ஸியாவைக் கூப்பிட்டேன். சம்பந்தக்காரிக்கு முன்னால் குமரை வரவழைத்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தரம். அவள் கார்டைத் திறந்தாள். வாழ்த்துத் தாள் இருந்த இடத்தைப் பார்த்தாள். நாங்கள் எழுதிய தாள் அங்கே இல்லை, வேறு ஏதோ ஒட்டிப் பிய்த்த தழும்புதான் இருந்தது. பைக்குள் விரலை விட்டு உள்ளே இருந்ததை எடுத்தாள். பச்சைத் துணிதான். ஆனால் சாட்டின் இல்லை, பாவாடை உள்துணி. தையல் ஒரு அங்குலத்துக்கு ஒன்று. குஞ்சம் கம்பளி நூலில், ஆட்டு வால் மாதிரி.

"மாமி, இது என்ட கை இல்ல" என்றாள். சத்தம் போடவே இல்லை.

"என்ன மகள் சொல்றீங்க? நீங்க தந்ததுதானே!"

"கார்ட் என்டது. இது இல்ல. என்டது எங்க?"

பலீலா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள். அப்போது அந்தப் பெண் ஜெனீரா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நான்தான் தெச்சேன். வேணாம் எண்டு உம்மாட்ட சொன்னேன். கேக்கல்ல."

"வாய மூடு!" என்றாள் தாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் மதினி. பல்லெல்லாம் சிவப்பு. "இப்ப என்ன நடந்திட்டு மாமி? பெருநாளைக்கு ஒருத்தர் தந்தத இன்னொரு வீட்டுக்குக் குடுக்கிறது வழக்கம்தானே. வட்டிலப்பம் வந்தா நாலு வீட்டுக்குப் பங்கு வெக்கிற இல்லையா?"

"வட்டிலப்பத்தப் பங்கு வெக்கக்குள்ள, இது என்ட மகள் ஆக்கினது எண்டு சொல்லித்தான் குடுப்பீங்களா?" என்றேன்.

தாஸிம் கடையிலிருந்து ஓடிவந்து, "உம்மா, ஒரு கடதாசித் துண்டுக்குப் போய்..." என்றான். கடதாசித் துண்டாம். எங்கள் பெண் முகத்தை அந்நியருக்குக் காட்டாமல் கையைக் காட்டி அனுப்பினோம். பலீலா அந்தக் கையை வெட்டித் தன் மகளுக்கு ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த வீட்டுச் சோற்றை ஹம்ஸியா எப்படித் தின்பாள்?

சம்பந்தம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். தாஸிம் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இது ஹம்ஸியாவுக்குத் தவறிப்போன மூன்றாவது இடம். இனி வருகிறவர்கள், இந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்றுதான் முதலில் கேட்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். ஐந்தாம் வகுப்புத்தான் படித்தேன், ஆனால் ஊர் என்ன பேசும் என்பதை எவரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

கார்டை பலீலா விட்டுவிட்டுப் போனாள். அடுப்பில் போடச் சொன்னேன். ஹம்ஸியா போட்டாள். வெள்ளித்தாள் மட்டும் எரியாமல் சுருண்டு கிடந்தது.

நீங்கள் பேசுகிற வீடு எது என்று இப்போதும் கேட்கமாட்டேன். நீங்களாகச் சொல்லுங்கள்.

ஸித்தி ஸுபைதா


கம்பளை
02.04.1973

என் மதிப்புக்குரிய மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் தாஸிம் குடும்பத்துக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். பதில் எழுதப் பிந்திவிட்டது. கால் வலி, பிறகு மழை.

அதே பண்டாரவளை வீடுதான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஜெனீரா பாவம், அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

புவாதிடம் நடந்ததைச் சொன்னேன். பக்க அடையாளத்தைக் கையில் எடுத்தான். பிறகு, "அப்ப இத செஞ்ச புள்ள யாரு?" என்றான். சொன்னேன். முறையும் சரிதானே மூத்தும்மா என்கிறான். என் மகனுக்கும் சம்மதம். ஆகவே மதினி, நம் ஹம்ஸியாவைப் புவாதுக்குத் தாருங்கள் என்று கேட்கிறேன். சொந்தத்துக்குள் வேண்டாம் என்று நீங்கள் முன்பு சொன்னதை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.

ஒரேயொரு காரியம். மருமகளின் உறவினர்கள் கேட்பார்கள். கார்ட் எரிந்துவிட்டதே, பக்க அடையாளத்தைப் புவாத் கையை விட்டு விடமாட்டான். ஹம்ஸியாவின் கையால் வேறு ஏதாவது ஒன்று செய்து அனுப்பினால் எல்லோருக்கும் காட்ட வசதியாக இருக்கும். ஒரு மேசை விரிப்பு என்றாலும் போதும்.

அன்பு மறவாத
ஸுபைரா


பதுளை
11.04.1973

மதினி ஸுபைராவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். எங்கள் வீட்டில் சுகம். தாஸிம் இப்போது பேசுகிறான், உங்கள் கடிதத்தைக் கண்டபிறகுதான்.

முதலில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது புளித்துப்போகும். மினாரா சாய்ந்திருப்பதை நான் ஒக்டோபரில் உங்களுக்கு எழுதினேன். சாய்ந்த மினாராவை நீங்கள் ஜனவரியில் கண்டீர்கள். எல்லோருக்கும் ஒரே கைவேலை படிப்பிக்கிறார்களோ என்று சும்மா கேட்டீர்கள். சும்மா! கார்டைத் திருப்பிக் கேட்டபோதும் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள். பலீலா செய்தது திருட்டு. நீங்கள் செய்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வாய்க்குள் பூச்சி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே விழுங்கலாமா துப்பலாமா என்று மூன்று மாதம் வைத்திருந்த மாதிரி. எனக்கு உங்கள் மேலும் அருவருப்பு வந்தது மதினி. உங்கள் நானா உயிரோடு இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடிதத்தை ஹம்ஸியாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேசை விரிப்பு என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

"நான் ஒண்டும் தெச்சு அனுப்பமாட்டேன் வாப்பும்மா."

"ஏன்? கை என்ன தேஞ்சா போகும்?"

"கை போனா திரும்பி வராது, பாத்தீங்கதானே. இன்னொரு வீட்டில கிடக்கும். வேணுமெண்டா அவங்க வரட்டும். நான் இருப்பேன். பாக்கட்டும். நானும் பாக்கணும்."

"என்னடி சொல்றாய்? குமர் ஒண்டு ஆம்புளைக்கு முன்னால உட்காருறதா? இந்த வீட்டிலயா?"

"பலீலா மாமிக்கு முன்னால என்னக் கூப்பிட்டது நீங்கதானே. அண்டைக்கு என்ன கெட்டுப்போச்சு?"

ஸவாஹிராவைக் கூப்பிட்டு, உன் மகளுக்குப் புத்தி சொல் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே, "அவள் சொல்றது சரிதானே மாமி" என்றாள். இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் ஒரு நாளும் எனக்கு எதிர்த்துப் பேசாதவள். தாஸிம் உடனே எழுந்து பள்ளிக்குப் போய்விட்டான், தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்று நாள் யோசித்தேன். வேண்டாம் என்று எழுதத்தான் இரண்டு தரம் உட்கார்ந்தேன். எழுதவரவில்லை.

ஆகவே கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள். நீங்கள், மகன், மருமகள், புவாத், நாலு பேர் மட்டும். மருமகளின் உறவினர்கள் வரத் தேவையில்லை. ஹம்ஸியா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரை இருக்காது. புவாதுக்கு எதிரில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாள், ஒரே உயரத்தில். நானும் அந்த அறையில்தான் இருப்பேன், கதவு திறந்திருக்கும், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அவள் அவனிடம் சில கேள்விகள் கேட்பாளாம். என்ன கேள்வி என்று கேட்டேன். "அவரிட்டத்தான் கேப்பேன்" என்றுவிட்டாள். பதில் பிடிக்காவிட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன், பிறகு பதுளைக்காரி அவமானப்படுத்திவிட்டாள் என்று கம்பளை முழுக்கப் பேசவேண்டாம்.

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுதும்போதே உடம்பு கூசுகிறது. காலுக்கு ஏறக் கஷ்டம் என்றால் பஸ்ஸில் வராமல் ரயிலில் வாருங்கள், தாஸிம் ஸ்டேசனுக்கு வருவான்.

வஸ்ஸலாம்.

ஸித்தி ஸுபைதா